விமானம் போயும் அழாத குழந்தை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொழிச்சலூரில் குடியிருந்தோம். சென்னை விமான நிலையம் பக்கம் என்பதால் மொட்டை மாடியை உரசுவதுபோல விமானங்கள் தாழப் பறக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. பிறந்து இரண்டு மாதமான என் மகளுக்குப் பழகவில்லை. தூக்கிவாரிப் போட்டு வீறிடுவாள். திரும்பத் தூங்கவைப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

எங்கள் தெருவில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. குழந்தையின் தலைக்கு இரண்டு பக்கமும் தலையணையை அணைகொடுத்து, காதை மூடி ஒரு துண்டைச் சுற்றிவிடுவார்கள். சத்தம் கேட்காதாம். ஒத்தாசைக்கு வந்திருந்த என் மனைவியின் அக்காவும் அப்படியே செய்தார். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னல் கண்ணாடி அதிர ஒரு விமானம் போனது. உள்ளறையில் அழுகையே இல்லை. “பாத்தீங்களா, வேலை செய்யுது” என்றார் அக்கா. மூவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். குழந்தை பிறந்த பிறகு அப்படி உட்கார்ந்ததே இல்லை.

அப்போது பக்கத்துப் போர்ஷன் பெண், காதைச் சுற்றிய துண்டோடு அழுகிற தன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். “இன்னாக்கா, இது இப்டி கத்திக்கினு கீது, உங்க பாப்பா மட்டும் கம்முனு கீது?” என்றார் என் மனைவியிடம்.

சும்மா கேட்டதுதான். ஆனால் என் மனைவி சோற்றுக்கையோடு எழுந்து உள்ளே ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

துண்டு நழுவி மூக்கையும் வாயையும் மூடியிருந்தது. முகம் தலையணையில் புதைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. தூக்கினால் மகள் துவண்டாள். மனைவிதான் முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். ஒரு மூச்சிழுப்பு. பிறகு அழுகை. அந்த அழுகையைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தாம்பரத்தில் குழந்தை டாக்டரிடம் ஓடினோம். நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். “மல்லாக்கப் படுக்க வைங்க. தலகாணி, துண்டு எதுவும் பக்கத்துல வேணாம். ப்ளேன் சத்தத்துக்கு அழுதா அழட்டும் சார்.”

அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவே செய்ததைத்தானே அவரும் செய்தார். அவர்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்றும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால், சத்தமில்லாமல் தூங்குகிறது என்று வீட்டார் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் எழுந்துபோய் அதன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குக் காபி தொண்டையில் இறங்கும்.