பிறைக்காக மாடி ஏறிய ஞாயிறு

போன வாரம் என் மகள் சோபாவில் படுத்தபடியே போனில் வண்டலூர் ஜூவுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கிழமை லீவாம்மா" என்றாள். எனக்குத் தெரியாதா? ஏழு வயதில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட பொது அறிவு அது ஒன்றுதான்.

அப்போது ஆம்பூரில் இருந்தோம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை, அம்மாவுக்கு ஷூ கம்பெனியில். டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு, கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வீட்டில் இருக்கும் நாளில் அம்மா இருக்கமாட்டாள். அம்மா இருக்கும் நாளில் அப்பா வர இருட்டிவிடும், கூடவே தோல் வாசனையும் வரும். அதை இன்றைக்கும் யாராவது நாற்றம் என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. பொங்கல், தீபாவளிக்கு சொந்தக்காரர்கள் வந்து வீட்டை நிறைத்துவிடுவார்கள். பக்ரீத் என்றால் பச்சைத்தோல் வந்து குவியும், அப்பாவைப் பிடிக்கவே முடியாது. மிச்சமிருந்தது ரம்ஜான். அன்றைக்கு இரண்டு பேருக்குமே லீவு.

அந்த வருஷ ரம்ஜானுக்கு ஜூ போவதாக முடிவானது. கொளுத்துகிற வெயில் காலம். "பத்து மணிக்கு மேல போனா புலி நெழல்ல படுத்துக்கும், வெறும் வேலியத்தான் பாக்கணும்" என்று அப்பா முதல் ரயிலைப் பிடிக்கத் திட்டம் போட்டார். அம்மா கட்டுச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சலே செய்து வைத்துவிட்டாள். தம்பி புலிபோல உறுமி எல்லோர் தூக்கத்தையும் கெடுத்தான்.

சிக்கல் ஒன்றுதான். ஞாயிறு சாயங்காலம் பிறை தெரிந்தால் திங்கட்கிழமை ரம்ஜான். தெரியாவிட்டால் செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு ஜூ கிடையாது.

நோன்பு இருந்தவர்களுக்கு முன்பாக நாங்கள்தான் மாடி ஏறினோம். அன்றைக்கு மட்டும் சீக்கிரமே வேலையிலிருந்து ஓடிவந்த அப்பா கைகால்கூடக் கழுவவில்லை. மேற்கே மலைமேல் மேகம் அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்த்தொட்டி மேல் நின்று "தெரியுது, தெரியுது" என்று நான் கத்த, பக்கத்து வீட்டு கரீம் பாய் வாயில் பேரீச்சம்பழத்தோடு ஓடிவந்தார். என் விரல் போன திசையில் நிதானமாகப் பார்த்தார்.

"அது மேகத்து ஓரம்மா."

"இன்னா பாய், வேற ஊர்ல தெரிஞ்சிருக்குமா?" என்றார் அப்பா.

"மசூதில சொல்லுவாங்க. இருப்பா."

அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் மைக்கில் நாளைக்கும் நோன்பு என்று சொல்லிவிட்டார்கள். பாய் எங்கள் வாசலில் வந்து நின்றார். "பேஜாராயிடுச்சுப்பா. புள்ளைங்க பாவம்" என்றார், பிறையை அவரே ஒளித்துவைத்தவர் மாதிரி.

திங்கட்கிழமை அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனார்கள். செவ்வாய்க்கிழமை இருவரும் வீட்டில் இருந்தார்கள், என்ன செய்வதென்று தெரியாமல். அப்பா விடியுமுன்னே குளித்துவிட்டு கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னா பண்லாம்?"

"நீயே சொல்லு" என்றாள் அம்மா.

"வெயில்ல எங்க போறது?"

பாய் வீட்டு பிரியாணி வந்தது. சாப்பிட்டுவிட்டு இருவரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போனார்கள். நானும் தம்பியும் சுவரோரம் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு வேறு கம்பெனி, வேறு ஷிப்ட், அப்புறம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இன்றைக்கு அந்த டேனரி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அம்மாவுக்கு ஏழு நாளும் லீவு. அப்பா இல்லை. எனக்கு நினைவு தெரிந்து நாங்கள் நாலு பேர் மட்டும் ஒரு பகல் முழுக்கச் சேர்ந்து இருந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். அன்றைக்கு நாள் வீணாய்ப் போச்சு என்று நான் சாயங்காலம் வரை அழுதேன்.