மழைக்குப் பிணையாக வைத்த பாவைகள்

தென்காசிப் பக்கம் மழை பொய்த்த வருஷம் எங்கள் ஊரில் தோல்பாவைக் கூத்து நடத்தினோம். ராமர் பட்டாபிஷேகம் ஆடினால் மழை இறங்கும் என்று நம்பிக்கை. கூத்துக்காரர் ஒடிசலான மனிதர். சும்மா பேசும்போதும் பாவையை ஆட்டுவதுபோல அவர் விரல்கள் அசைந்துகொண்டே இருக்கும்.

பட்டாபிஷேகம் முடிந்தும் மழை இல்லை. மறுநாள் காலை குற்றாலத்திலிருந்து ஆள் வந்தான். அங்கே சத்திரத்தில் அவர் மனைவிக்கு வலி கண்டு, பிள்ளை பிறக்காமல் உயிருக்குப் போராடுகிறாளாம். புறப்பட்டவரை ஊர்ப் பெரியவர் மறித்தார்.

"மழை பெய்யாம நீரு ஊரவிட்டுப் போகக்கூடாதுவே. இன்னொரு மட்டம் ஆடும்."

"அண்ணாச்சி, அங்கன அவ சாகக் கெடக்கா. ராமரையும் சீதையையும் பிடிச்சு வச்சுக்கிடுங்க, என்னைய விடுங்க!"

பாவைப் பெட்டியைப் பெரியவர் காலடியில் வைத்துவிட்டு ஓடினார். நான் வண்டி பூட்டிப் போய், வழியில் அவரை ஏற்றிக்கொண்டேன்.

சத்திரத்து வாசலிலேயே பெண்கள் ஓலமிட்டு அழுவது கேட்டது. இறங்கியவர் என் கையைப் பிடித்தார்.

"மழை பெய்ஞ்சா பெட்டிய நனைய விட்டுராதீங்க, ஐயா."

பிறகுதான் உள்ளே போனார்.

அடுத்த வாரம் மழை கொட்டியது. பாவைகள் கொண்டுவந்த மழை என்று ஊரே சொன்னது. பெரியவரிடம் இருந்த பெட்டியை நனையாமல் என் வீட்டுக்குள் எடுத்துவைத்தேன். அவர் அதைக் கேட்டு வரவே இல்லை. அந்த அழுகை காதில் விழுந்த பிறகும் ஏன் பெட்டியைப் பற்றிச் சொன்னார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.