பச்சையாய் மாறிய குப்பைமேடு

ஓய்வு பெற்றவர்களுக்கு மைசூரில் வேலையா இல்லை? குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடக்கலாம். நானோ, விவரங்களைப் படமாக்கித் தரும் இலவச இணையதளங்களில் போய் விழுந்தேன். தகவலைக் கொட்டினால் போதும். வட்டமாக, பட்டையாக, கேட்ட நிறத்தில் வந்து நிற்கும். முதலில் எங்கள் வீட்டுக் காலைச் சிற்றுண்டியை வட்டப்படமாக்கினேன். முக்கால் வட்டம் உப்புமா. என் மனைவி பார்த்துவிட்டு, "மீதிக் கால் வட்டத்தை இனிமே நீங்களே பண்ணிக்குங்க" என்றாள்.

வீட்டில்தான் கலைக்கு மதிப்பில்லை. நாங்கள் குடியிருக்கும் லேஅவுட்டுக்காவது சேவை செய்வோம் என்று கிளம்பினேன். காலை நடையில், குப்பை கொட்டும் இடங்களைப் பார்த்துவந்து தெரு வரைபடத்தில் புள்ளி வைத்தேன். குப்பை கூடக்கூடப் புள்ளி சிவக்கும். உள்ளதிலேயே ரத்தச் சிவப்பாக வந்தது, எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டு கேட்.

வாட்ஸப் குழுவில் போடுமுன் அவரிடம் காட்டினேன். "சூப்பர் சார்" என்றவர், படத்தைப் பெரிதாக்கித் தன் வீட்டைக் கண்டுபிடித்தார்.

"கெம்பு பேடா சார், ஹசிரு ஹாக்கி" என்றார் கன்னடத்தில். சிவப்பு வேண்டாமாம், பச்சை போட வேண்டுமாம். குப்பையை அள்ளுவதைவிட நிறத்தை மாற்றுவது சுலபம் என்பது எனக்குத்தான் இத்தனை நாள் தோன்றவில்லை. எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஓரத்தில் எழுதியிருந்ததையும் எடுக்கச் சொன்னார். இடத்தை அடைக்கிறதாம். எடுத்தேன். எல்லாப் புள்ளியும் பச்சை, தலைவர் வீட்டு கேட் மட்டும் கரும்பச்சை என்று படம் அப்படியே தோட்டம்போல இருந்தது. குழுவில் கைதட்டல் பொம்மைகளாகக் குவிந்தன.

இரண்டே நாளில் தலைவர் வீட்டு கேட்டையே காணோம், அவ்வளவு குப்பை. எங்கள் தெரு அம்மாள் ஒருவர் பையோடு வந்துகொண்டிருந்தார்.

"இங்க ஏன்மா போடறீங்க?"

"நீங்கதானே சார் பச்சை கலர்ல இடம் காட்டினீங்க? ரொம்ப உபயோகமா இருக்கு."

அன்றே தலைவர் கூப்பிட்டு, பச்சையும் வேண்டாம், படமே வேண்டாம் என்றார். படத்தைக் குழுவிலிருந்து நீக்கினேன். அதற்குள் யாரோ புண்ணியவான் அதைப் பக்கத்து லேஅவுட்டுக்கு அனுப்பியிருந்தார். இப்போது அங்கிருந்தும் ஸ்கூட்டரில் வருகிறார்கள், பையை ஒழுங்காக முடிச்சுப் போட்டு.

எந்த நேரத்தில் அதிகம் பேர் வருகிறார்கள் என்று ஒரு பட்டைப்படம் போட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றாக வருகிறது.

"அதையும் குரூப்ல போட்டுத் தொலைக்காதீங்க" என்கிறாள் மனைவி.