இறுக்கினால் ஒரு பொட்டு

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து அவர் காரின் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் தேய்க்கலாம். அவர் தேய்த்தது உட்பக்கம், ஆண்டவனே குனிந்து பார்க்காத இடம். சோப்புத் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மாடி ஜன்னலிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“வண்டிக்குப் பல்லு விளக்கி முடிச்சாச்சுன்னா மனுசங்க சாப்பிட வரலாம்.”

“இன்னும் ரெண்டு சக்கரம் பாக்கி இருக்கு.”

“வாய் கொப்பளிக்க வெந்நீர் வேணுமா?”

“குடுத்தா நல்லாதான் இருக்கும்,” என்றார். கிண்டல் புரியாமல் இல்லை. ஆறு வருடமாகக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது. தவிர, வெந்நீரில் பிரேக் தூசி உண்மையிலேயே சுலபமாகப் போகும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் நாற்பத்திரண்டு கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பு. அப்படி ஒரு கட்டடத்தின் தரைக்கடி வண்டி நிறுத்தத்தில்தான் இந்தக் காரை முதலில் பார்த்தார். ஒன்றரை வருடமாக உறை போட்டு நின்றிருந்தது, நான்கு டயரிலும் காற்றில்லை. வெளியே பார்த்தால் அலுவலகத்துக்குப் போய்வரும் சாதாரண நான்கு கதவு வண்டி. பானெட்டைத் திறந்தால் ஆறு சிலிண்டர், வேகம் கூட்ட இரண்டு டர்போ. சட்டை பட்டனைக் கழுத்துவரை போட்ட மனிதர் திடீரென்று குத்துச்சண்டைக்கு இறங்கியதுபோல் இருக்கும். முதல் சொந்தக்காரர் அதன் வேகத்துக்கு ஆசைப்பட்டு வாங்கி, சர்வீஸ் சென்டர்காரன் நீட்டிய செலவுக் கணக்கைப் பார்த்துப் பயந்துபோய் நிறுத்தியவர். பழைய சோபாவைத் தள்ளிவிடுகிற விலைக்கு இவரிடம் தள்ளிவிட்டார்.

வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவந்துவிட்டார். மூன்று நாள் மனைவி பேசவில்லை. நான்காம் நாள் அவரே இறங்கிவந்தார்.

“இங்க பாரும்மா. இந்த வண்டி என்னைக்காவது நடுவழியில ஒரே ஒரு தடவை நின்னாலும், உடனே வித்துடுறேன். இது உனக்குக் குடுக்கிற வாக்கு.”

“ரெண்டு மாசம் தாங்குமா?”

“பாத்துக்கிட்டே இரு.”

ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். வண்டி ஒரு நாள் கூட நிற்கவில்லை. அதற்கு அவர் செய்த காரியங்கள் கொஞ்சநஞ்சமல்ல. புத்தகத்தில் போட்டிருக்கிற தூரத்தில் பாதியிலேயே ஆயில் மாற்றுவார். கழற்றிய ஃபில்டரை வெட்டி, உள்ளே இரும்புத் துகள் மின்னுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். கியர் பெட்டி ஆயில் ஆயுளுக்கும் போதும், மாற்றவே வேண்டாம் என்று கம்பெனி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “யாரோட ஆயுளுக்குன்னு எழுதலையே!” என்று சிரித்தார், அடுத்த ஞாயிறே மாற்றினார். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் சூடாகும்வரை ஆமை வேகம்தான். சைக்கிளில் போகிற பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு முந்துவார்கள். போய்ச் சேர்ந்த பிறகும் யாரும் இறங்கக் கூடாது. டர்போ ஆறுவதற்கு இரண்டு நிமிடம் என்ஜின் ஓட வேண்டும். துணிக்கடை வாசலில் அவரும் மனைவியும் மகளும் பேசாமல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கடைக் காவலாளி இது ஏதோ குடும்பத் தகராறு என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“அப்பா, இது காரா, ஐசியூவில படுத்திருக்கிற சொந்தக்காரரா?” என்பாள் காலேஜில் படிக்கும் மகள்.

“கயிறு அறுந்தப்புறம் மாத்துற லிஃப்ட்டுல நீ ஏறுவியா?” என்று அவர் கேட்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே பொட்டு. லிஃப்ட் வேலையிலிருந்து வந்த பழக்கம் அது. ஒரு போல்ட்டை அளவாக இறுக்கி முடித்ததும் அதன் தலையில் ஒரு பொட்டு வைத்துவிட வேண்டும். பொட்டு இருந்தால் இறுக்கியாயிற்று, இல்லாவிட்டால் இல்லை. வேலையெல்லாம் முடிந்ததும் டார்ச்சோடு ஒரு சுற்று வருவார். ஒரு பொட்டு குறைந்தாலும், அன்றைக்குக் கை வைத்த அத்தனையையும் முதலிலிருந்து சரிபார்ப்பார். மஞ்சள் பெயின்ட் பேனா காய்ந்துபோனதிலிருந்து மகள் வேண்டாமென்று ஒதுக்கிய ஆரஞ்சு நெயில் பாலிஷ்தான். “என் கையைவிட உங்க இன்ஜினுக்குத்தான் பொருத்தமா இருக்கு,” என்று அவளும் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தோடு விடுகிற நாளில்லை. நூலகத்தில் பத்தொன்பது வருடமாகப் புத்தகம் கொடுத்து வாங்குகிற மனைவிக்கு, தலைமை நூலகர் வேலைக்கான நேர்முகத் தேர்வு மறுநாள். நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி வேறொரு நகரத்தில். அவர்தான் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நீண்ட பயணம் என்றதும், இன்னும் வெடிக்காத, கசியாத, யார் வம்புக்கும் போகாத ரேடியேட்டர் ரப்பர் குழாய்களையெல்லாம் மாற்ற உட்கார்ந்துவிட்டார்.

மாலை ஆறு மணி. அவள் கீழே இறங்கி வந்தபோது அவரைக் காணோம். பானெட் திறந்திருந்தது. புதுக் குழாய்கள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. நெயில் பாலிஷ் குப்பி பேட்டரி மேல் இருந்தது. எட்டிப் பார்த்தாள். குழாய்களைப் பிடித்திருக்கும் ஒன்பது கிளிப்புகளில் ஆறில் பொட்டு இருந்தது, மூன்றில் இல்லை.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று பொட்டு குறைகிறது என்றால் ஒன்பதையும் மறுபடி பார்ப்பார். அப்புறம் சோப்பு, குளியல், சாப்பாடு. தேர்வுக்கு என்ன கேட்பார்கள் என்று அவரை வைத்து ஒருமுறை ஒத்திகை பார்க்கலாம் என்றிருந்தாள். காலையிலிருந்து இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறவர் இறுக்காமலா இருப்பார்? பொட்டு வைக்க மறந்திருப்பார். குப்பியைத் திறந்தாள். மூன்று பொட்டு. நன்றாகவே வந்தது.

நீளமான ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தவர், அங்கே பேச்சில் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் கழித்து அதோடு திரும்பிவந்தார். டார்ச் அடித்து எண்ணினார். ஒன்பது. ‘அட, முடிச்சுட்டேனா!’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பானெட்டை மூடினார். அந்த மூன்றில் இரண்டு இறுகத்தான் இருந்தன. மூன்றாவது, நீள டிரைவர் இல்லாததால் கையால் முடிந்த அளவுக்கு மட்டும் திருகிவைத்தது.

திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு அவருடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே யாருமில்லை; ஆனால் எட்டு மணிக்கு ஆபரேஷன் இருக்கிறது.

அவள் கார் சாவிக்குக் கை நீட்டினாள்.

“நானே ஓட்டிட்டுப் போறேன். தங்கச்சி வண்டிய நான் ஓட்டலையா?”

“அது வண்டி. இது...” சாவியைக் கொடுத்தார், விரல்கள் மட்டும் விடவில்லை. “ஆயில் சூடாகிற வரைக்கும் மெதுவா. சூட்டு முள்ளு நடுவைத் தாண்டிச்சுன்னா ஒரு செகண்ட் கூட யோசிக்காதே, ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடு. போய்ச் சேந்ததும் ரெண்டு நிமிசம்...”

“உக்காந்து நேரா பாத்துக்கிட்டு இருக்கணும். தெரியும். சாவிய விடுங்க.”

போகும்போது கோயிலுக்குப் போகிற மாதிரிதான் போனாள். தேர்வு நன்றாக நடந்தது. வாசகர் திருப்பித் தராத புத்தகத்தை எப்படி மீட்பீர்கள் என்று கேட்டார்கள். நேரில் போய் வாசலில் நிற்பேன் என்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரித்தார்கள்.

திரும்பும்போது சாலை காலியாக இருந்தது. மனசும் லேசாக இருந்தது. முன்னால் மணல் லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு ஊர்ந்தது. அதைத் தாண்டுவதற்காகத்தான் காலை அழுத்தினாள். அவ்வளவுதான். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் இருக்கை அவளை ஏந்திக்கொண்டது. லாரி பின்கண்ணாடியில் தீப்பெட்டியாகச் சுருங்கியது. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள், தனியாக, நாற்பத்தைந்து வயதில். பிறகு ஒரு பஸ்ஸைத் தாண்டினாள். பிறகு தாண்டுவதற்கு எதுவும் இல்லாதபோதும் காலை எடுக்கவில்லை. ஆறு வருடமாக இந்தச் சங்கதியையா மனிதர் ஆமை மாதிரி உருட்டிக்கொண்டிருந்தார் என்று தோன்றியது.

முள் நடுவைத் தாண்டியது. ஒரு செகண்ட் கூட யோசிக்கவில்லை. ஓரங்கட்டி அணைத்தாள். பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது.

அவள் போன் செய்ததும், நின்ற வண்டியை ஏற்றிப்போகும் ரெக்கவரி லாரியிலேயே அவரும் ஏறி வந்து சேர்ந்தார். லாரி டிரைவர் காரைச் சுற்றிவந்து நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“இந்த மாதிரி வண்டிய ஏத்துறதுன்னா ஒரு மரியாதைதான் சார். அடிக்கடி நிக்குமோ?”

“இதுதான் முதல் தடவை,” என்றார் அவர். சாவு வீட்டில் பேசுகிற குரல்.

“உடனே அணைச்சிருக்காங்க, இன்ஜின் தப்பிச்சுது. வீட்டம்மாவுக்கு நல்ல நிதானம்.”

வீட்டம்மா தூரத்தில் ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தார். ஒரு குழாய் கழன்று தொங்கியது. கிளிப் தளர்ந்திருந்தது. அதன் தலையில் பொட்டு இருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு இறுக்கினார், தண்ணீர் ஊற்றினார், ஓட்டிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. மாடிக்கு வந்து, “வித்துடலாம்மா,” என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். மகள் உள்ளே வந்ததும் மூடிக்கொண்டாள்.

கார் போவதில்கூட அவ்வளவு இல்லை. அந்தப் பொட்டுதான் அவரைத் தின்றது. இறுக்காமல் பொட்டு வைத்திருக்கிறோம்! செவ்வாய்க்கிழமை, ஏற்கெனவே முடித்த நான்கு லிஃப்ட்டுகளை மறுபடி போய்ப் பார்த்தார். புதன்கிழமை சூப்பர்வைசரிடம், இனிமேல் தன் வேலையை இன்னொருத்தர் சரிபார்க்கட்டும் என்று கேட்டாராம். “இருபத்தாறு வருசமா இல்லாம இப்ப என்ன சார் ஆச்சு உங்களுக்கு?” என்று அவர் பதறியிருக்கிறார். வியாழக்கிழமை வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

மகள் சமையலறையில் வந்து நின்றாள். “அம்மா, அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“கைய விரிச்சு விரிச்சுப் பாத்துக்கறாரு.”

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பல் டாக்டர் காரைப் பார்க்க வருவதாக இருந்தது. பத்தேகாலுக்கு அவர் ஹாலில் உட்கார்ந்து, ஆறு வருடத்துச் சர்வீஸ் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பல் டாக்டருக்குச் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதியிருந்தார். அதன் முதல் வரி, ‘ஆயில் சூடாகும்வரை மெதுவாக’. அவள் எதிரே தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே தலையணை உறையை நான்காவது முறையாக மடித்தபோது, இனி தள்ளிப்போட முடியாது என்று தெரிந்துவிட்டது.

“என்னங்க. அந்தப் பொட்டு நீங்க வைக்கல.”

அவர் நிமிரவில்லை. “எது?”

“நான்தான் வெச்சேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம். மூணு. நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். சீக்கிரம் மேல வருவீங்கன்னு...”

காகிதங்கள் அவர் மடியிலிருந்து சரிந்தன.

“நீயா?”

“ஆமா.”

“நான் வைக்கலையா?”

“இல்லைங்கிறேனே.”

“அப்ப நான் இறுக்காம வைக்கல!”

“எத்தனை தடவ சொல்றது? திட்டுறதுன்னா திட்டிடுங்க.”

திட்டவில்லை. இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி, காணாமல்போய்த் திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. “நாலு லிஃப்ட்டத் திருப்பிக் கழட்டினேன்டி!” என்று தொடையில் அடித்துக்கொண்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

மூச்சு வாங்கியதும் குனிந்து காகிதங்களைப் பொறுக்கினார்.

“சரி. ஆனா வாக்கு வாக்குதான். யார் பொட்டு வெச்சா என்ன, வண்டி நடுவழியில நின்னுச்சு. டாக்டர் வந்துடுவாரு.”

“வாக்கு யாருக்குக் குடுத்தீங்க?”

“உனக்குத்தான்.”

“வாங்கினவ நான். எனக்கு வேணாம். அவருக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடுங்க.”

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். ஆறு வருடமாக இந்தக் காரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவளை மேலும் கீழும் பார்த்தார்.

“வித்தாதான் நிம்மதின்னு நீதானே சொல்லிட்டிருந்த? இப்ப ஏன் வேணாம்ங்கிற?”

அவள் மடித்த துணிகளை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஏம்மா, உன்னைத்தான் கேக்குறேன். ஏன்?”

லாரியைத் தாண்டியபோது முதுகில் தள்ளிய அந்தக் கையை நினைத்ததுமே காது வரைக்கும் சூடு ஏறியிருந்தது. அதை அவர் பார்த்துவிடாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் உள்ளே போனாள்.