நூறு சிவப்புப் புள்ளிகள்

கால் முறிந்த எலிகளைப் பற்றி லைட்டக்காவிடம் யாராவது விசாரித்தால் முதலில் ஒரு பெருமூச்சு வரும். பதில் அதற்குப் பிறகுதான். பதினேழு வருடமாக ஆராய்ச்சிக்கூடத்தின் இருட்டறையில் உட்கார்ந்து, நுண்ணோக்கிக்குள் ஒளிரும் புள்ளிகளை எண்ணுகிறவள். பேராசிரியரே, "லைட்டக்கா, இன்னிக்கு எத்தனை?" என்றுதான் கேட்பார். அவர் அவளைவிட ஆறு வயது மூத்தவர். அதைச் சொல்லிச் சலித்து, விட்டுவிட்டாள்.

வேலை இதுதான். ஆண் எலியின் ஸ்டெம் செல்களுக்கு, அதாவது எலும்பாக வளரக்கூடிய செல்களுக்கு, சிவப்புச் சாயம் ஏற்றி, பெண் எலியின் முறிந்த எலும்பில் வைப்பார்கள். ஆறு வாரம் கழித்து அந்த எலும்பை மெல்லிசாகச் சீவிப் பார்ப்பாள். சிவப்பு தெரிந்தால் வைத்த செல் உயிரோடு இருக்கிறது என்று கணக்கு.

இந்த முறை சிவப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. படம் செய்தித்தாள் வரைக்கும் போனது. அவளுக்கோ அந்தப் புள்ளிகளின் உருவமே பிடிக்கவில்லை. எலும்புச் செல் என்றால் எலும்போடு ஒட்டி ஒழுங்காக உட்காராதா? இதுகள் மூக்குமுட்டத் தின்ற மாதிரி உப்பிக் கிடந்தன. ஆண் எலியின் செல்லில் மட்டும் பச்சையாகத் தெரியும் இன்னொரு அடையாளத்தைப் போட்டுப் பார்த்தாள். நூறு சிவப்பில் மூன்றில்தான் பச்சை. மற்றதெல்லாம் பெண் எலியின் சொந்தத் துப்புரவுச் செல்கள். செத்துப்போன செல்களைச் சாயத்தோடு விழுங்கியவை. வீட்டுக்காரர் காலிசெய்து போன பிறகும் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து, உள்ளே அவர்தான் இருக்கிறார் என்று சொன்ன கதை.

"சரி, கட்டுரைக் கடைசியில ஒரு வரி போட்டுடலாம்" என்றார் பேராசிரியர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

அதோடு போயிருந்தால் தொலைகிறது என்று இருந்திருப்பாள். செய்தித்தாளை அவள் தம்பியும் படித்தான். மின்சார வேலை பார்க்கிறவன். ஏணியிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே முறித்துக்கொண்டு எட்டு மாதமாகிறது. கம்பி வைத்தும் எலும்பு கூடவில்லை. திங்கட்கிழமை மறுபடி அறுவைச் சிகிச்சை. இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்துக் காலில் வைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் உள்ளே இருக்கும் கம்பியே முறிந்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். தம்பியோ, பெரிய துரை மாதிரி, அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, எங்கேயோ ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களாம், அங்கே போகப்போகிறாராம்.

"நீ எடுத்த போட்டோதானேக்கா? நீயே நம்பலன்னா எப்படி?"

படித்துப் படித்துச் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பொறுமை போய், சனிக்கிழமை காலை அவனை ஊன்றுகோலோடு இருட்டறைக்கே இழுத்து வந்து நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தாள்.

"எண்ணு."

முணுமுணுத்துக்கொண்டே எண்ணினான். "நூறுக்கா."

ஒரு விசையைத் திருப்பினாள். "இப்ப பச்சை எத்தனைன்னு பாரு. அதுதான் நாங்க வச்சது."

வெகுநேரம் பார்த்தான். "மூணு."

"மத்ததெல்லாம் செத்ததைத் தின்னுட்டுச் சிவப்பா நிக்குது. புரியுதா?"

"புரியுது." கண்ணை எடுக்கவில்லை. "ஆனா மூணு இருக்குல்லக்கா? எனக்கு அது போதும்."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? மூணை வச்சுக்கிட்டு ஏணி ஏறப்போறியா? காலே போயிடும்டா!"

அவன் நுண்ணோக்கியை விட்டு முகத்தை எடுத்தான். கண் கலங்கியிருந்தது.

"போன தடவ அறுக்கும்போது பாதியில முழிப்பு வந்துடுச்சுக்கா. கத்தணும்னு பாக்குறேன், வாய் வரல. யார்கிட்டயும் சொல்லல."

அவள் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். இத்தனை நாளும் எலியையும் சாயத்தையும் சொல்லி இவனோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். ஏன் பயப்படுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்னடா?" என்றாள். "மயக்க டாக்டர்கிட்ட இன்னிக்கே போவோம். இதை அவர்கிட்ட சொல்லணும். திங்கக்கிழமை நானும் வரேன்."

"உள்ளேயுமா?"

"உள்ள விட மாட்டாங்க. நீ தூங்குற வரைக்கும் கையைப் பிடிச்சுக்க விடுவாங்களான்னு கேக்குறேன்."

"விடலன்னா?"

"சண்டை போடுறேன். எந்திரி."

அவன் ஊன்றுகோலைத் தேடினான்.