வேகத்தடை வேண்டாம் என்ற முக்கு

குழியாகக் கிடந்தால் விழுகிறார்கள், வழவழவென்று போட்டால் பறக்கிறார்கள். இரண்டுக்கும் திட்டு வாங்குவதுதான் ரோடு இன்ஸ்பெக்டர் வேலை. இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புதுத் தார்

விஸ்வநத்தம் போகும் வழியில், வீடுகளுக்கு நடுவே நாலு தெரு கூடும் முக்கு அது. நான்தான் கூடவே நின்று தார் போடவைத்தேன். அதுவரை பள்ளத்துக்குப் பயந்து ஊர்ந்து வந்த, வேலையாட்களை ஏற்றிப்போகும் பட்டாசுக் கம்பெனி வேன்கள் மறுநாளே பறக்க ஆரம்பித்தன. காலையில் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் நடந்தும் சைக்கிளிலும் அந்த முக்கைத்தான் தாண்டவேண்டும். என் மனைவி செல்வியும் அப்படித்தான் போகிறாள்.

ஒரு நாள் வேன் ஒன்று அவள் சைக்கிள் கேரியரை உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவளுக்கு அடியில்லை. நசுங்கின தூக்குவாளியை என் முன்னால் வைத்தாள்.

"ரோடு நல்லாத்தான் போட்டிருக்கீக. மனுசர் தாண்டத்தான் வழியக் காணோம்."

மேடு

வேகத்தடை போட்டுவிடுவோம் என்று சுண்ணாம்பில் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். லோடு லாரி ஓட்டும் பாண்டி அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்தார். "பின்னால பட்டாசுப் பெட்டி இருக்கு. நான் பார்த்து ஏறுவேன். மேடு இருக்கது தெரியாம ஒருத்தன் வேகமா வந்து தூக்கிப் போட்டான்னா?" என்றார். சாக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வேகத்தடை கேட்டு என்னை நச்சரித்த பட்டாசு வேலைப் பெண்களே அவர் பக்கம் போய் நின்றார்கள். உரசலுக்கும் குலுக்கலுக்கும் பயந்தே தினமும் வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். முக்குக்கு எதிர்வீட்டு முத்துமாரி முடித்துவைத்தாள்.

"வேன் இடிச்சா நான் ஒருத்தி போவேன் சார். இங்கன வெடிச்சா தெருவே போயிரும்."

சிவப்புக் கொடி

வேறு வழி தெரியாமல் நானே காலையில் கொடியோடு போய் நின்றேன். செல்வியின் சைக்கிள் தெரியும் வரைக்கும் அவள் வரும் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பேன். தெரிந்ததும் வேன் வரும் பக்கம் திரும்பிக் கொடியை ஆட்டுவேன். தீபாவளி ஆர்டர் தொடங்கி வண்டிகள் வேறு கூடிவிட்டன. ஒரு வேன் டிரைவரை மறித்துச் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"வெயில் ஏறுறதுக்குள்ள வெடிமருந்து கலந்து முடிக்கணும் சார். நான் லேட்டாப் போனா அங்கன அவசர அவசரமாக் கலப்பாக. எது தேவலை, நீங்களே சொல்லுங்க."

வாளி

முக்கைக் குறுக்கினால் வேகமாகத் திரும்ப முடியாது. அதற்கு ஆபீஸில் கேட்டிருந்த டிரம்கள் வந்தபாடில்லை. பயம் தாங்காமல், தெரிந்த பட்டாசுக் கம்பெனி போர்மேன் ஒருவரிடம் கெஞ்சி, கழித்துப் போட்ட தீயணைப்பு வாளிகளை வாங்கினேன். பட்டாசு ஷெட் வாசலில் மணலோடு தொங்குமே, அந்தச் சிவப்பு வாளிகள்தான். மணல் நிரப்பி, நடக்கிறவர்கள் ஒதுங்கி நிற்க இடம் விட்டு, மரச்சட்டத்தில் வரிசையாக மாட்டினேன்.

மறுநாள் முதல் வேன் வந்தது. கொடியை நான் தூக்கவே இல்லை. வாளியைக் கண்டதும், கம்பெனி வாசலில் நுழைவதுபோல வேகம் தானாக இறங்கியது. முன்சீட்டில் இருந்தவர் பீடியை அவசரமாக நசுக்கினார், பின்னால் ஒருவர் செல்போனை அணைத்தார். அந்த இடைவெளியில் செல்வி சைக்கிளை உருட்டிக்கொண்டு தாண்டிப் போனாள். டிரைவர் என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்.

"இங்கன எப்ப சார் கம்பெனி வந்துச்சு?"

மணல்

சந்தோஷத்தைச் சொல்ல சாயங்காலம் வீட்டுக்கு ஓடினால், வேலை முடிந்து வந்த செல்வி சிரிக்கவில்லை. தெருக்காரர் யாரோ பூந்தொட்டிக்கு மணல் அள்ளியதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"வெறும் வாளின்னு தெரிஞ்சா நாளைக்கே பறப்பாக. மணல் குறையாமப் பாத்துக்கிடுங்க."

ஆளுக்காகப் பிடிக்காத பிரேக்கை வெடிமருந்துக்காகப் பிடிக்கிற இந்த ஊரில், ரோடு போடப் படித்துவிட்டு வந்த நான் தினமும் விடிந்ததும் வாளிக்கு மணல் அள்ளிப் போட்டு, செல்வி தாண்டின பிறகுதான் காப்பி குடிக்கிறேன்.