கை காட்டியது யாருக்கு

இந்தத் தீவு நகரின் பத்துபஸ்திப் பகுதியில் எங்கள் வீட்டுக்கும் முருகன் கோயிலுக்கும் நடுவே ஒரு சாலை மட்டுமே உண்டு. கண் இருந்த காலத்தில் அதை ஒரு தடையாக நான் எண்ணியதில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பி, குளித்து, நீறு பூசி, பதிகத்தின் முதல் பாட்டை முணுமுணுத்தபடி வாசல் இறங்கினால், அந்தப் பாட்டு முடிவதற்குள் கோயில் படி காலில் படும். ஓய்வு பெற்ற பின்னர் கண்ணில் நீரழுத்தம் ஏறியது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, ஒரு மழைக்காலத்தில் முழுவதும் அணைந்தது. இறைவனோடு வழக்காடிக் கண்ணைத் திரும்பப் பெற்ற அடியவரை நான் அறிவேன். எனக்கு வழக்காடத் தெம்பில்லை. மாலையில் தீபம் காட்டும் வேளைக்குத் தனியே நடந்து போய், ஒரு பதிகம் பாடித் திரும்ப வேண்டும். அவ்வளவே கேட்டேன்.

மருமகள் என்னைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல மறுத்தவளல்லள். ஆனால் பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து அடுப்பின் முன் நிற்பவள் அவள். பிறர் கையைப் பிடித்து நடப்பவன் பிறருக்கு ஒழிந்த நேரத்தில்தான் பாட முடியும். அது எனக்கு ஒவ்வவில்லை. ஆகவே வெள்ளைக் கோலோடு தனியே போனேன்.

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு அந்தச் சாலை பழைய சாலையாக இல்லை. தாழ்ந்த பகுதிகளில் நிலம் இறங்கி வழிகள் நீரில் மூழ்கின. புது வீடுகளுக்குக் கல்லும் மணலும் ஏற்றிய டிப்பர் லாரிகள் எங்கள் வாசலை அதிரவைத்துக்கொண்டு ஓடின. பக்கத்து விமான நிலையத்தின் ஓசை பிற்பகலோடு அடங்கிவிடும். லாரிகளின் ஓசை அடங்குவதில்லை. இந்தத் தீவில் பொழுதும் முன்னதாகவே சாய்ந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு இருட்டும் நேரம்தான் கோயில் மணி அடிக்கும் நேரம்.

யாராவது வண்டியை நிறுத்தினால், கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அந்தத் திசையை நோக்கி இரு கையும் கூப்பிவிட்டுத்தான் நடப்பேன். நிறுத்தாதவர்களே மிகுதி. ஒலிப்பானை அழுத்தினால் கடமை தீர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. விலக வேண்டியவன் எவன் என்று அந்த ஓசையிலேயே தீர்ப்பும் இருக்கும்.

ஒரு மாலை. சாலையோரம் நிற்கிறேன். ஒரு லாரி வந்து நின்றது. இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. எனக்காக நின்றதா, சரக்கு இறக்க நின்றதா, ஓட்டுநர் வெற்றிலை வாங்க நின்றாரா? யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காத்து நின்றேன். உறுமல் மாறவில்லை. சரி, எனக்காகத்தான் என்று துணிந்து கால் வைத்தேன். அதே நொடியில் லாரி நகர்ந்தது. கோல் சக்கரத்தில் சிக்கி முறிந்தது. நான் ஓரத்துச் சரளையில் விழுந்தேன்.

ஓட்டுநர் குதித்து ஓடி வந்தார். இளைஞர். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கடல் எல்லாவற்றையும் கொண்டுபோன பின் இங்கே வந்தவர் என்று பிறகு அறிந்தேன். பெற்றோர் இலங்கை மலைநாட்டிலிருந்து கொண்டுவந்த பேச்சு அவர் வாயில் அப்படியே இருந்தது.

"ஐயோ ஐயா! நான் நிப்பாட்டினேன் தானே? போங்க போங்கன்னு எத்தன தரம் கைய காட்டினேன்! நீங்க அசையவே இல்ல. அதுதான் எடுத்தேன்."

"கை காட்டினது யாருக்குப்பா?" என்றேன்.

வெற்றிலைக் கடை வங்காளி விழுந்து விழுந்து சிரித்தார். "அரே பாய், அந்தா ஆத்மி கோ ஹாத் திகாதா ஹை?" என்று அவர் கூவ, கண்ணில்லாதவனுக்குக் கை காட்டிய கதை அங்கேயே ஊர்க்கதை ஆயிற்று. முழங்கால் எரிந்தாலும் எனக்கும் சிரிப்பு வந்தது. மருமகளுக்கு வரவில்லை.

"போதும் மாமா. இனிமே நான் இல்லாம வாசல் தாண்டக் கூடாது. உங்க பிள்ளை கப்பல்லேருந்து போன் பண்ணினா நான் என்ன பதில் சொல்றது?"

அவள் சொன்னதில் பிழையில்லை. அதனாலேயே மறுமொழி கூறச் சோர்வாக இருந்தது. அன்று பதிகத்தைக் கட்டிலில் அமர்ந்து பாடினேன். நெஞ்சுக்குள் நிற்க வேண்டிய மயிலும் வேலும் நிற்கவில்லை. சரளையின் எரிச்சல்தான் நின்றது.

மறுநாள் அந்த ஓட்டுநர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"ஐயா, இனி பொழுதுபட நானே வந்து கூட்டிட்டுப் போறேன். முருகன் மேல சத்தியம்."

"உனக்குத் தூரமா, ரங்கத்துக்கு லோடு வந்தா? அன்னைக்குப் பூசைய நிறுத்தி வைப்பாங்களா? கூட்டிட்டுப் போக வேணாம்ப்பா. என்னைக் கண்டா வண்டிய நிறுத்து. நிறுத்திட்டேன்னு வாயத் தொறந்து சொல்லு. நான் அந்தப் பக்கம் ஏறுற வரைக்கும் எடுக்காதே."

"அவ்வளவு தானா?"

"அவ்வளவுதான். ஆனா தெனமும். நீ மட்டுமில்ல, எல்லாரும்."

அவர் சற்று யோசித்துச் சொன்னார்: "உங்களத் தூக்கிட்டுப் போறது இதவிட லேசு தானே ஐயா!"

அதைவிடச் சரியாக இந்த ஊரின் நோயை எவரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு நாள் தூக்கிச் சுமக்க ஆயிரம் பேர் வருவார்கள். நாள்தோறும் சற்று நிற்பதற்குத்தான் ஆளில்லை. வழிவிடுவது ஓட்டுபவன் கடன். நானோ கைகூப்பிக் கூப்பி அதை அவன் இட்ட பிச்சை ஆக்கியிருந்தேன்.

மருமகள் அரைமனத்தோடு இசைந்தாள். சென்னையிலிருந்து புதுக் கோல் கப்பலில் வரும்வரை ஒரு மூங்கிலுக்கு வெள்ளை பூசிக் கொடுத்தாள். நான் போகும்போது வாயிற்கதவருகே நின்று பார்ப்பதாகவும், இன்னொரு முறை விழுந்தால் இந்தப் பேச்சே கிடையாது என்றும் சொன்னாள். ஓட்டுநர் தம் கூட்டாளிகளிடம் சொல்லிவைத்தார். விளைவு வேறொரு தொல்லை. நான் ஓரத்தில் நின்றதும் ஆட்டோக்காரர், வேன்காரர், வெற்றிலைக் கடைக்காரர் எல்லாரும் ஒருங்கே கூவினார்கள். "தாத்தா, ஜாவோ ஜாவோ!" "ருக்கோ தாத்தா, பைக் வருது!" "வாங்க பெரியவரே!" போ என்றும் நில் என்றும் எழுந்த அந்த இரைச்சலில் வருகிற வண்டி எது, நிற்கிற வண்டி எது என்றே விளங்கவில்லை. பலமுறை பாதி வழியில் திரும்பினேன். வயது முதிர்ந்தவன் ஒரு சாலையைக் கடப்பதற்கு ஊர் முழுவதையும் பழக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துப்போனது.

புதுக் கோல் வந்த சில நாள்களில் பெருமழை. கூரைத் தகரங்களின் மேல் மழை அறைந்து மற்ற ஓசைகளையெல்லாம் விழுங்கியது.

"இன்னைக்கு வேணாம் மாமா," என்று கதவருகிலிருந்து மருமகள் அழைத்தாள்.

ஓரத்தில் நின்றேன். திரும்பிவிடலாம் என்றுதான் எண்ணினேன். அப்போது அருகே ஒரு கனமான வண்டி வந்து நின்றது. உறுமல் அறவே அணைந்தது. மழைக்கு நடுவே எனக்குத் தெரிந்த ஒரு குரல்: "ஐயா, நிப்பாட்டிட்டேன். அந்தப் பக்கம் வேனும் நிக்கிது. நீங்க ஏறுற வரைக்கும் எடுக்க மாட்டேன்."

நடந்தேன். நடுவழியில் பின்னால் ஏதோ வண்டி இடைவிடாது ஒலிப்பானை அலறவிட்டது. என் கால் நின்றது. அதே குரல் இப்போது வேறு பக்கம் திரும்பிச் சீறியது: "என்னடா அவசரம்? மனுசன் போறாரு தானே!"

அலறல் நின்றது. கோல் நுனி கோயிற்படியைத் தட்டியது. திரும்பிக் கை கூப்பவில்லை. கோலைக் கையில் பிடித்தபடியே படியேறினேன்; கூப்பும் கையை உள்ளே இருப்பவனுக்கென்று வைத்துக்கொண்டேன். தீபம் காட்டி முடிந்திருந்தது. நனைந்த வேட்டியோடு நின்று, இளைத்த குரலில், பதிகத்தைக் கடைசிப் பாட்டு வரை பாடினேன்.

திரும்பி வந்தபோது மருமகள் துண்டை நீட்டினாள். பிறகு சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"நாளைக்கும் மழைன்னு ரேடியோல சொல்றாங்க மாமா. குடை எடுத்துட்டுப் போங்க."